தராசிடம் பேசுகிறவள்

“ஏ தராசு, உன்கிட்டதான் பேசறேன், காது இருந்தா கேட்டுக்க. என் பொண்ணுக்கு ஊசி போடறதும் போடாததும் என் இஷ்டம். வெள்ளைச் சட்டை போட்டவங்க வந்து நின்னா நான் ஆடிப்போயிடுவேனா? நீ ஆடு. உனக்கு அதான் வேலை.”

என் கடைத் தராசு என்ன சொல்லும்? வெள்ளைச் சட்டை போட்ட அபாகுகிதான் உப்பு மூட்டைப் பக்கம் நின்று, என் நாயின் கழுத்தைச் சொறிந்தபடி பதில் சொன்னார். அந்தப் பதிலும் அவளுக்கு இல்லை, நாய்க்கு.

“மேஜர், உன் கால்ல கம்பி குத்தினப்ப நான்தானே ஊசி போட்டேன்? கத்தினியா? ஊரைக் கூட்டினியா? வாலை ஆட்டிட்டுப் பேசாம போனியே. உனக்கு இருக்கற புத்தி…”

“பாத்தியா தராசு? என் பொண்ணை நாயோட சேத்துப் பேசறாங்க!”

“மேஜர், நான் பொண்ணைச் சொல்லல.”

“அப்ப என்னைச் சொல்றாங்களா? கேட்டியா தராசு, நீயே சாட்சி!”

நான் நடுவில் நின்று மாவு நிறுத்துக்கொண்டிருந்தேன். திட்டுகிறவள் தட்டையும் சேர்த்துத் தட்டினால் முள் எப்படி நிற்கும்? “ரெண்டு பேரும் வெளிய போய் அந்தத் தென்ன மரத்துக்கிட்ட சண்டை போடுங்க. எனக்கு வியாபாரம் இருக்கு” என்று சத்தம் போட்டேன். அபாகுகி சிரித்துக்கொண்டே போய்விட்டார். வதிசேவா போகவில்லை. அவளுக்குச் சோப்பு வாங்க வேண்டியிருந்தது.

வதிசேவாவும் அபாகுகியும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். அவர் அண்ணன், இவள் தங்கை. இந்தக் கரையோரத்து ஃபிஜிக்காரர்களிடம் ஒரு முறை உண்டு. பெண் பெரியவளாகிவிட்டால் கூடப்பிறந்த ஆணிடம் நேருக்கு நேர் பேசக் கூடாது; ஒரே பாயில் உட்காரக் கூடாது; பக்கத்தில் போய் நிற்கக் கூடாது. நம் வீடுகளில் மாமியார் சுவரைப் பார்த்துப் பேசுவாளே, அந்தக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். அது ஆகாதவர்கள் போடுகிற சாடை. இது மரியாதை. இப்போது பாதிப் பேர் இதையெல்லாம் பார்ப்பதில்லை. வதிசேவா பார்ப்பாள். அண்ணன் பெயரைக்கூட வாயால் சொல்ல மாட்டாள், ‘அவங்க’ என்பாள். அவரும் இவளை, மகள் பெயரைச் சேர்த்து ‘செனிமிலி அம்மா’ என்றுதான் சொல்வார்.

அபாகுகி எங்கள் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் நர்ஸ். வதிசேவா கட்டிக்கொண்டு வந்த ஊருக்கே அவரை மாற்றிப் போட்டார்கள். அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் பேசுகிற இடம் என் கடை. அவருக்கு நாய், அவளுக்குத் தராசு. இரண்டும் கிடைக்காதபோது நான்.

வதிசேவாவை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் கடல் வற்றும் நேரத்தில், அவள் நண்டு பிடிக்கிற கண்டல் காட்டுக்குப் போக வேண்டும். புருஷன் ரொபாத்தேயின் கிழிந்த ரக்பி பனியன், இடுப்பில் சுற்றி முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிய சூலுத் துணி, காதில் ஒரு செம்பருத்தி. சேற்றுக்குப் போகிறவளுக்குப் பூ எதற்கடி என்று ஒருமுறை கேட்டேன். “உள்ள இருக்கறது ஆம்பளை நண்டா இருந்தா எட்டிப் பாக்கும்ல?” என்றாள். வளையைக் கண்டதும் குப்புறப் படுத்து, தோள் வரை கையை உள்ளே விட்டு, கன்னம் சேற்றில் பதியக் கண்ணை மூடிக்கொண்டு துழாவுவாள். அப்போதும் வாய் ஓயாது. “வாடா ராசா, வா. லம்பாசா மார்க்கெட்டுக்குப் போலாம். பஸ் டிக்கெட் நான் எடுக்கறேன்.” நண்டு கவ்வினால் அலற மாட்டாள். “கடி, கடி. அப்புறம் உன்னை ஊரே கடிக்கும்” என்பாள்.

நண்டு வளைக்கு இரண்டு வாய் இருக்கும். ஒன்றை அடைத்துவிட்டு மற்றதில் கை விட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். நான் கற்றுக்கொள்ளவில்லை. எனக்கு நண்டு என்றால் சட்டியில்தான் தைரியம்.

ஆனால் அவள் ஒரு நண்டுகூட வாயில் வைத்ததில்லை. “விக்கற சாமானைத் தின்னா வியாபாரம் உருப்படுமா? நீ உன் கடை சோப்பைத் தின்றியா?” என்று என்னையே மடக்குவாள். சோப்பு வாங்க வந்தால் அடுக்கில் இருக்கிற எல்லாவற்றையும் எடுத்து மோந்து பார்ப்பாள். பச்சையை மோந்து முகம் சுளிப்பாள், ரோஜா நிறத்தை மோந்து “கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு” என்பாள், கடைசியில் என்றைக்கும் வாங்குகிற அந்த நீலச் சோப்பையே எடுத்துக்கொண்டு போவாள். மார்க்கெட்டில் யாராவது நண்டு சின்னதாக இருக்கிறதே என்று இழுத்தால், “நண்டு சின்னதில்ல சார், உங்க வீட்டுச் சட்டி பெருசு” என்று சொல்லிக் கையில் திணித்துவிடுவாள். அவர்களும் வாங்கிக்கொண்டு போவார்கள். அவள் சொல்கிற தோரணை அப்படி.

எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் உண்டு. யார் வீட்டுப் பன்றி குட்டி போடும், எந்த பஸ் டிரைவரை நம்பி ஏறலாம், பாதிரியார் எந்த ஞாயிறு நீளமாகப் பேசுவார், கேட்டால் போதும். “எனக்குத் தெரியாதா?” என்றுதான் ஆரம்பிப்பாள். பாதிக்குப் பாதி சரியாகவும் இருக்கும்.

பெரியவர்களுக்குக் கொரோனா ஊசி வந்தபோது எங்கள் ஊர் மண்டபத்தில் வெளியூர் நர்ஸ் முன்னால் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவள் அவள். ஆண்கள் மரத்தடியில் நின்று ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வதிசேவா கையைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்து, “யங்கோனா குடிக்கன்னா பொழுது விடியற வரைக்கும் உக்காருவீங்க. ஊசிக்கு ஒரு நிமிஷம் உக்கார முடியலியா? போங்கடா உள்ள!” என்று ஒரு அதட்டல் போட்டாள். ரொபாத்தேயைப் பனியனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மரத்தடி காலியாகிவிட்டது. அன்றைக்கு அபாகுகி என் கடையில் வந்து, “மேஜர், எங்க குடும்பத்துப் பொம்பளைங்க எப்படின்னு பாத்தியா?” என்று நாயிடம் பெருமை அடித்துக்கொண்டார்.

அப்பேர்ப்பட்டவள்தான் பிள்ளைகளுக்கு ஊசி என்றதும் காலை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

செனிமிலி அவளுக்கு ஒரே பெண். பதின்மூன்று வயது. சின்ன வயதில் தொண்டைப் புண் வந்து, அது இருதயத்தைப் போய்ப் பிடித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இது நிறையப் பிள்ளைகளுக்கு உண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சோதித்தபோது நெஞ்சில் சத்தம் சரியில்லை என்று கண்டுபிடித்தது தாய்மாமன் அபாகுகிதான். அதிலிருந்து மாதம் தவறாமல் இடுப்பில் ஒரு ஊசி. பெரியவர்களே பல்லைக் கடிக்கிற வலி அது. ஒரு மாதம் தவறியதில்லை. வெள்ளம் வந்து சாலை முழுகின மாதத்தில் மரவள்ளி ஏற்றுகிற படகில் பெண்ணை உட்கார வைத்துத் தானே தள்ளிக்கொண்டு போனாள்.

அந்தப் பெண்ணுக்குக் கொரோனா வந்தால் நெஞ்சு தாங்காது என்று ஆஸ்பத்திரி டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அக்கரையில் ரொபாத்தேயின் சித்தப்பா அந்தக் காய்ச்சலில்தான் போனார். மூடின பெட்டியை நாங்கள் தூர நின்று பார்த்தோம். தேவாலயத்துப் படி ஏறும்போது செனிமிலி நடுவில் நின்று மூச்சு வாங்குவதை ஊரே பார்க்கிறது. பெற்றவள் பார்க்காமலா இருப்பாள்?

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஊசி என்று சேதி வந்த அன்று, ஊர்த் தலைவர் சாயங்காலம் வழக்கம்போல் தெருத் தெருவாக நடந்து கூவினார். “ஏய் கேட்டுக்கங்க! தடுக்கற ஊசி வருது! பன்னெண்டுக்கு மேல இருக்கற பசங்க, பொண்ணுங்க, எல்லாரையும் மண்டபத்துக்குக் கூட்டிட்டு வாங்க! தடுக்கற ஊசி!” அப்போது வதிசேவா என் கடை வாசலில் இருந்தாள். “பொண்ணுங்களுக்குமா?” என்று மட்டும் கேட்டாள். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிறகு காரணங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் பாட்டு இருக்கிறது, ஊசி போட்டுக் காய்ச்சல் வந்தால் செனிமிலி எப்படிப் பாடுவாள்? பாட்டு முடிந்தது. தலைவர் வீட்டுப் பையனுக்கு முதலில் போடட்டும், பார்க்கலாம். போட்டார்கள். அவன் மறுநாளே ரக்பி ஆடினான். “அவன் ஆம்பளப் புள்ள. அவன் உடம்பு வேற” என்றாள். யாரோ போனில் அனுப்பிய படத்தில் ஊசி போட்ட கையில் காந்தம் ஒட்டுகிறதாம். அபாகுகி என் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து பிளாஸ்டிக் மாம்பழம் ஒட்டிய காந்தத்தைப் பிடுங்கி, சட்டைக் கையை ஏற்றி, நாய்க்கு முன்னால் தன் புஜத்தில் வைத்துக் காட்டினார். அது தொப்பென்று விழுந்தது. மேஜர் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. “தராசு, அவங்க எண்ணெய் தடவிட்டு வந்திருக்காங்க” என்றாள் இவள். கடைசியில் பாதிரியார் சொல்லட்டும் என்றாள். பாதிரியார் ஞாயிறு ஆராதனையில் எழுந்து, பிள்ளைகளுக்கு ஊசி போடுங்கள் என்று சொன்னார். எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவள் இவள். சொல்லிவிட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஊசி வண்டி அந்த மாதத்தில் இன்னும் ஒரே ஒரு தடவைதான் வரும் என்று அபாகுகி சொல்லியிருந்தார். அவர் நாயிடம் பேசுகிற குரலே கம்மிவிட்டது. “மேஜர், அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு இருக்கறதுல அர்த்தமே இல்ல” என்றார். அன்றைக்கு அவள் கடையில் இல்லை. அவர் நிஜமாகவே நாயிடம்தான் பேசினார்.

மறுநாள் நல்ல மழை. வதிசேவா என் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, மரப்பட்டை நாரால் நண்டுகளின் கொடுக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

“உனக்கு என்னடி கேடு? மாசா மாசம் அவ்வளவு வலிக்கிற ஊசியைப் போட்டுக் கூட்டிட்டு வர்ற. இது எறும்பு கடிக்கிற மாதிரி. இதுக்கு மட்டும் இவ்வளவு வீம்பா?”

“அது நெஞ்சு ஊசிக்கா.”

“இது?”

“இது தடுக்கற ஊசி.”

“ஆமா. தடுக்கற ஊசிதான்.”

“பாத்தியா, நீயே சொல்ற!” என்று நிமிர்ந்து பார்த்தாள். ஜெயித்துவிட்ட முகம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. “எதைத் தடுக்கற ஊசின்னு நினைச்ச?” என்று கேட்டேன்.

அவள் கொட்டகைக்கு வெளியே இரண்டு பக்கமும் பார்த்தாள். மழையில் யாரும் இல்லை. அப்படியும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “சும்மா கேக்காதக்கா. நீயும் பொம்பளதானே. கிளினிக்ல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடுவாங்களே, அதுக்கு என்ன பேரு?”

அப்போதுதான் எனக்குப் பொட்டில் அடித்தது. குழந்தை வேண்டாம் என்று பெண்கள் போட்டுக்கொள்கிற ஊசிக்கும் இந்த ஊர்ப் பெண்கள் பேச்சில் அதே பெயர்தான். தடுக்கிற ஊசி. கிணற்றடியில், மீன் கழுவுகிற இடத்தில், ‘நான் இந்தத் தடவை தடுக்கற ஊசி போட்டுக்கிட்டேன்’ என்று கிசுகிசுப்பார்கள். அந்தப் பெயரைத்தான் தலைவர் தெருத் தெருவாக, பன்னிரண்டு வயதுப் பெண்களையும் சேர்த்துக் கூவியிருக்கிறார்.

“அடிப்பாவி, அது வேற இது வேறடி!”

“பேரு ஒண்ணுதானே? பொண்ணுங்களை எதுக்குத் தனியாச் சொல்லிக் கூப்பிடறாங்க? எனக்குத் தெரியாதா?” என்றாள். பிறகு கையில் இருந்த நண்டைக் கீழே வைத்தாள். “செனிமிலி பொறந்து கொஞ்ச நாள்ல நான் ஒரே ஒரு தடவை போட்டுக்கிட்டேன்க்கா. உடம்பு தேறட்டும், அடுத்தது மெதுவா வரட்டும்னு. அதோட புள்ள தங்கறதே நின்னுபோச்சு. ரொபாத்தேகிட்ட கூடச் சொல்லல. ஆண்டவர் குடுத்தது ஒண்ணுதான்னு ஊருக்குச் சொல்லிட்டேன். எனக்கு வந்தது எனக்கு. அவளுக்கும் நானே செய்வேனா?”

“அப்ப நீ முத ஆளாப் போய் உக்காந்தியே?”

“எனக்கு என்ன? என்கிட்ட இனிமே தடுக்க என்ன இருக்கு?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் பக்கத்தில் இருக்கிறேன். சோப்பை மோந்து பார்க்கிறவள், பஸ் டிரைவரைக் கிண்டல் அடிக்கிறவள் என்றுதான் பார்த்திருக்கிறேன். அவள் நெஞ்சில் இப்படி ஒன்று கிடக்கும் என்று யார் நினைத்தார்கள்? மூன்று மாத ஊசி யாருக்கும் நிரந்தரமாக நிறுத்திவிடாது, நிறுத்தினால் சில மாதத்தில் சரியாகிவிடும், உனக்கு நின்றது வேறு எதனாலோ இருக்கும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, “நீ உப்பு விக்கறவக்கா. உப்பைப் பத்திச் சொல்லு, நம்பறேன்” என்றாள்.

“யார் சொன்னா நம்புவ?”

“அவங்க சொன்னா நம்புவேன். செனிமிலி நெஞ்சுல சத்தம் கேட்டது அவங்கதானே?”

“அப்ப கேளேன்டி!”

“யாரு, நானா? அண்ணன் காதுல இந்தப் பேச்சு விழறதா? தராசுக்கிட்ட சொல்லிக்கூட அவங்க காதுல விழக் கூடாது. அதுக்கு நான் இந்த நண்டு வளைக்குள்ளேயே போய்ச் செத்துடுவேன்.” நண்டை எடுத்து மறுபடி கட்ட ஆரம்பித்தாள். “நீயும் சொல்லக் கூடாது. சொன்னே, உன் கடைப் படி ஏற மாட்டேன்.”

அவள் சொன்னால் சொன்னதுதான். ஆனால் வண்டி வரப்போகிறதே! நான் என்ன செய்வேன்? மறுநாள் மத்தியானம் அபாகுகி பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டிச் சுருளைத் தின்றுகொண்டிருந்தபோது, நான் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மொழியைப் பற்றிச் சந்தேகம் கேட்கிறவள் மாதிரி ஒன்றே ஒன்று கேட்டேன்.

“தம்பி, தலைவர் ‘தடுக்கற ஊசி, தடுக்கற ஊசி’ன்னு கூவறாரே. உங்க கிளினிக்ல பொம்பளைங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடறீங்களே, அதை இந்த ஊர்ப் பொம்பளைங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்க?”

“அதுவா அக்கா, அதைத் தடுக்கற…” என்று ஆரம்பித்தார். ரொட்டி வாயருகே நின்றுவிட்டது. அவர் கண் ஒருமுறை தராசின் பக்கம் போயிற்று. காது இரண்டும் கன்றிப்போயின. எழுந்தார், டீயைக்கூடக் குடிக்காமல், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். தங்கையின் அந்தரங்கம் தன் காதில் விழுந்துவிட்டதென்று மனுஷர் மாற்றல் கேட்டுக்கொண்டு போய்விட்டால்?

அன்று சாயங்காலமே தலைவரின் கூவல் மாறிவிட்டது. “கொரோனாக் காய்ச்சல் ஊசி! கேட்டுக்கங்க! இது காய்ச்சலுக்கு மட்டும் போடற ஊசி!” வதிசேவா கடை வாசலில் நின்று கேட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். “பேரை மாத்திட்டா உள்ள இருக்கற மருந்து மாறிடுமா?” என்றாள். அதுவும் நியாயம்தானே?

வண்டி வருவதற்கு முந்தின நாள் காலையில் அவள் மார்க்கெட்டுக்கு நண்டு எடுத்துப் போக பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். கூடை அவள் காலடியில் இருந்தது. அபாகுகி வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மேஜர் போய் அவர் மடியில் தலையை வைத்தது.

“மேஜர்,” என்றார். அதோடு நின்றுவிட்டார். தொண்டையைச் செருமினார். நாயின் காதைத் தடவினார். வதிசேவா கூடையின் மூடியைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். மூடி சரியாகத்தான் இருந்தது.

“மேஜர், என் வீட்ல பெரிய பன்னி இருக்குல்ல? அது யாருக்குன்னு நினைக்கிற? எனக்கா? என் மருமக செனிமிலி என் வீட்டுக்கு வந்து எதைக் கேக்காம எடுத்துட்டுப் போனாலும் நான் வாயைத் திறக்கக் கூடாது. அது அவ உரிமை. போன மாசம் என் டார்ச்சை எடுத்துட்டுப் போனா. அதுக்கு முன்னால கோழி. இப்ப என் கண்ணு பன்னி மேல இல்ல, அவ எப்ப வந்து அதை அவுத்துட்டுப் போவான்னு வாசல் மேலதான் இருக்கு.”

இதற்கு இங்கே வாசு என்று பெயர். நம் ஊரில் வாசு என்றால் ஓர் ஆளின் பெயர். இங்கே அது தாய்மாமன் வீட்டில் பிள்ளைக்கு இருக்கிற இந்த உரிமை. மாமன் சிரித்துக்கொண்டே பறிகொடுக்க வேண்டும். முகம் சுளித்தால் அவமானம் அவருக்கு.

“முறை அவளோட நின்னுடும் மேஜர். அவளுக்குப் பின்னால வர்றவங்களுக்கு என் வீட்ல உரிமை கிடையாது. பெரியவங்க வகுத்தது அப்படி.” மறுபடி தொண்டையைச் செருமினார். “ஆனா நான் சொல்றேன். அவளுக்குப் பின்னால சின்னச் சின்னக் காலுங்க ஓடி வரும்ல? அதுங்களும் வரட்டும். வந்து பன்னியை அவுக்கட்டும், சட்டியை உருட்டட்டும், கூரையைப் பிரிக்கட்டும். நான் உயிரோட இருந்து பாப்பேன். எனக்குத் தெரியும் மேஜர். நான் நர்ஸ். நாளைக்கு வர்ற ஊசி கொரோனாவைத்தான் தடுக்கும். வேற எதையும் தடுக்காது.” நாயின் தலையை மடியிலிருந்து மெல்ல எடுத்து வைத்தார். “எதையும்.”

எழுந்து, எங்கள் பக்கம் திரும்பாமல் நடந்தார். பஸ் வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். வதிசேவா அசையவில்லை. மறுபடி அடித்தார். “ஏன்டா உயிரை எடுக்கற, போ!” என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினாள். பஸ் போய்விட்டது. நண்டுக் கூடையோடு கடை வாசலிலேயே உட்கார்ந்து, சூலு முனையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கிட்டே போகவில்லை. மூடிய துணிக்குள்ளிருந்தே, “கூரையையுமா பிரிக்கச் சொன்னாங்க?” என்று கேட்டாள்.

“ஆமாடி. என் காதாலேயே கேட்டேன்.”

“அவங்க கூரை ஏற்கெனவே ஒழுகுது” என்றாள் வதிசேவா.

மறுநாள் நான் கடையைச் சாத்திவிட்டு மண்டபத்துக்குப் போனேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை, இருந்தாலும் போகாமல் இருக்க முடியுமா? பெயர் கேட்க வண்டியோடு ஒரு பெண் வந்திருந்தாள். அன்றைக்கு ஊசி போடுகிறவர் அபாகுகி ஒருவர்தான். ரொபாத்தே எண்ணெய் தடவித் தலை வாரிக்கொண்டு, பெண்ணை உள்ளே கூட்டிப் போவதற்குத் தயாராக வாசலில் நின்றான். தாய் போக முடியாதென்பது எல்லாருக்கும் தெரியும். ஊசி போடுகிற இடம் ஒரே ஒரு பாய், அதில் அவள் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார்.

“நீ இங்கயே நில்லு” என்றாள் வதிசேவா அவனிடம்.

செனிமிலியின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். மண்டபத்தில் பேச்சு அடங்கிவிட்டது. பாயின் விளிம்பில் ஒரு கணம் நின்றாள். பிறகு பெண்ணை உட்கார வைத்து, தானும் பக்கத்தில் மண்டி போட்டாள். அபாகுகி நிமிரவில்லை. அவர் கை மட்டும் ஒரு முறை தயங்கியது. செனிமிலி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வதிசேவா மகளின் சட்டைக் கையைத் தோள் வரை ஏற்றிப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஊசி இறங்கிய நேரம் கண் சிமிட்டும் நேரம்தான். அபாகுகி அதை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினார். “பிடிச்சுக்கம்மா” என்று பெண்ணிடம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வதிசேவா முகத்தைத் திருப்பாமலே கையை நீட்டினாள். பஞ்சின் மேல் இருந்த அண்ணனின் விரலை அவர் எடுக்கும் முன்பே, அதன் மேல் தன் விரலை வைத்து, இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.